வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் காண முடியுமா?

சென்ற ஆண்டு எங்கள் துறையில் நடந்த கணித மன்றக் கூட்டத்தில் மாணவர் ஒருவர் போதையனார் பெயரால் வழங்கிவரும் செய்யுள் ஒன்றைப் பாடிக் காட்டினார். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமும் வர்க்கமூலமும் இல்லாமலே கண்டுபிடிக்க அச்செய்யுள் வழி சொல்கிறது என்றும், இனிப் பிதாகரஸ் தேற்றமே நமக்குத் தேவையில்லை என்றும் அவர் பேசி முடித்தபோது அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. நானும் கைதட்டியவர்களுள் ஒருத்தி.

அன்று மாலையே அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொத்தனார். பட்டாசு ஆலைகளுக்கு அறை கட்டும் வேலையே அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும். அடித்தளத்திற்கு மூலை பார்க்கும்போது கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து அடி அளந்து முளையடிப்பது அவர் வழக்கம். புதிய முறையைக் கேட்டு மகிழ்ந்தார். ஒரு வாரம் சென்றபின் வேலையிலிருந்து திரும்பியவர், கைகால் கழுவும் முன்பே கேட்டார்:

“தாயி, உன் பாட்டுப்படி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறைக்குக் குறுக்கு பதினாறரை அடி வருது. கயிறு கட்டி மூலை பார்த்துட்டு டேப்பு வச்சா, பதினேழு அடிக்கு அரை அங்குலம்கூடக் குறையலை. பாட்டு தப்பா, டேப்பு தப்பா?”

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கணிதம் முதன்மைப் பாடம். இருந்தும் அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. ‘படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று அப்பா அளந்து பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு பக்கமும் பன்னிரண்டு அடியாக வைத்துக் குறுக்கைப் பதினாறரையாக இழுத்தால், அந்த மூலை 90 பாகைக்குப் பதில் ஏறக்குறைய 87 பாகையாகிவிடும். சுவர் எழும்பிய பிறகுதான் கோணல் கண்ணுக்குத் தெரியும். கைதட்டுவதற்கு முன் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்று அன்று உணர்ந்தேன். அந்தக் கணக்கே இக்கட்டுரை. இதற்கு வேண்டியது, வர்க்கமூலம் கலந்த கோவைகளைச் சுருக்கும் பள்ளிப் பாடம் மட்டுமே.

செய்யுள் தரும் விதி

செங்கோண முக்கோணத்தின் அடிப்பக்கத்தை ‘அ’ என்றும், உயரத்தை ‘உ’ என்றும், கர்ணத்தை ‘க’ என்றும் கொள்வோம். பிதாகரஸ் தேற்றப்படி,

க = √(அ² + உ²)

செய்யுளின் பொருளோ வேறு. அடிப்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றை நீக்க வேண்டும், எஞ்சியதோடு உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும், கிடைப்பது கர்ணம். அதாவது,

செய்யுள் மதிப்பு = 7அ/8 + உ/2 = (7அ + 4உ)/8

இங்கு முதலில் ஓர் எச்சரிக்கை. இரு பக்கங்களுள் நீளமானதையே ‘அ’ என்று கொள்ளவேண்டும். அடி 4, உயரம் 3 எனில் 3½ + 1½ = 5 என்று சரியாக வருகிறது. மாற்றி, அடி 3, உயரம் 4 என்றால் 2⅝ + 2 = 4⅝ என்று தவறாகிறது. பிதாகரஸ் தேற்றத்தில் அ, உ இரண்டும் இடம் மாறினாலும் விடை மாறாது. செய்யுள் விதியில் மாறும். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே முதல் சான்று.

சுருக்கி எழுதினால் தெரிவது

மூலக்குறிக்குள் பெரிய எண் வந்தால், அதிலுள்ள வர்க்கக் காரணியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது நாம் அறிந்ததே. 288 = 144 × 2; ஆகவே √288 = 12√2. கால்குலேட்டர் கையில் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். 12√2 என்று எழுதும்போதுதான், பக்கம் எதுவானாலும் சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல் √2 மடங்கு என்னும் உண்மை கண்ணில் படுகிறது. 16.97 என்ற தசமத்தில் அது மறைந்துவிடுகிறது.

சில அளவுகளை எடுத்து இரு விதிகளையும் ஒப்பிடுவோம்.

அடி 12, உயரம் 12: உண்மை √288 = 12√2 = 16.97, செய்யுள் 16.5
அடி 16, உயரம் 12: உண்மை √400 = 20; செய்யுள் 20
அடி 14, உயரம் 8: உண்மை √260 = 2√65 = 16.12, செய்யுள் 16.25
அடி 12, உயரம் 5: உண்மை √169 = 13; செய்யுள் 13
அடி 12, உயரம் 4: உண்மை √160 = 4√10 = 12.65, செய்யுள் 12.5
அடி 12, உயரம் 3: உண்மை √153 = 3√17 = 12.37, செய்யுள் 12

கடைசி வரியைக் கவனியுங்கள். கர்ணமும் அடிப்பக்கமும் ஒரே நீளம்! உயரம் அடியின் கால் பங்குக்கும் கீழே போனால் கர்ணம் அடியைவிடச் சிறியதாகவே வந்துவிடும். அடி 10, உயரம் 1 எனில் செய்யுள் தருவது 9¼. அப்படி ஒரு முக்கோணம் உலகில் இல்லை.

நம் சிவகாசி அச்சகங்களிலிருந்தும் இரண்டு எடுத்துக்காட்டுகள் தரலாம். 20க்கு 30 அங்குல டபுள் கிரௌன் தாளைப் பாதியாக மடித்தால் 15க்கு 20 அங்குலக் கிரௌன் தாள் கிடைக்கும். அதன் மூலைவிட்டம் செய்யுள்படி 17½ + 7½ = 25 அங்குலம். உண்மையும் 25 தான். ஏனெனில் அது 3, 4, 5 முக்கோணத்தின் ஐந்து மடங்கு. அடுத்து, இன்று எங்கும் வழங்கும் ஏ4 தாள். இதன் பக்கங்கள் 1 : √2 என்னும் விகிதத்தில் அமைந்தவை. நீளத்தைப் பாதியாக்கினால் √2/2 : 1 என்றாகும், இரண்டையும் √2 ஆல் பெருக்கினால் மீண்டும் 1 : √2. மடித்தாலும் உருவம் மாறாத இத்தாள் அளவுகள் 1922இல் செர்மனியிலும், 1975இல் உலக அளவிலும் தர அளவுகளாயின. ஏ4 தாளின் பக்கங்கள் 297 மி.மீ., 210 மி.மீ. உண்மையான மூலைவிட்டம் 363.74 மி.மீ. செய்யுள் தருவது 364.875 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம்.

ஆக, விதி சில இடங்களில் அச்சொட்டாகப் பொருந்துகிறது. சில இடங்களில் கூடுகிறது. சில இடங்களில் குறைகிறது. எங்கே, ஏன்?

இணை முறுட்டின் உதவி

√5 − 2 போன்ற முறுடு கலந்த கோவையை √5 + 2 என்னும் அதன் இணையால் பெருக்கினால் மூலக்குறி மறைந்து 5 − 4 = 1 கிடைக்கும். பின்னத்தின் பகுதியை விகிதமுறு எண்ணாக்க இம்முறையைப் பள்ளியில் பயன்படுத்தினோம். தொகுதிக்கும் இதைப் பயன்படுத்தலாம். இரண்டு எண்கள் மிக நெருங்கியிருந்து, அவற்றின் வேறுபாட்டை அறிய விரும்பும்போது இது கைகொடுக்கும்.

ஒரு பழைய எடுத்துக்காட்டு. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் √2க்குத் தரும் மதிப்பைப் பின்னமாக்கினால் 577/408 ஆகும். 577² = 332929; 2 × 408² = 332928. வேறுபாடு 1 மட்டுமே! ஆகவே, இணையால் பெருக்கிப் பார்த்தால், 577/408 என்பது √2ஐவிட 1/(408 × (577 + 408√2)) அளவே பெரியது. இது ஏறக்குறைய 4,70,000இல் ஒரு பங்கு. (பௌதாயனரும் போதையனாரும் ஒருவரே என்று பெயர் ஒற்றுமை கொண்டு எழுதுவோர் உண்டு. பெயர் ஒலிப்பதை மட்டும் வைத்து நான் அப்படிக் கொள்ளவில்லை.)

இதே முறையில் நம் வேறுபாட்டைக் காண்போம்.

உண்மை − செய்யுள் = க − (7அ + 4உ)/8 = (8க − 7அ − 4உ)/8

தொகுதியையும் பகுதியையும் (8க + 7அ + 4உ) ஆல் பெருக்குவோம். தொகுதி 64க² − (7அ + 4உ)² ஆகும். க² = அ² + உ² என்று பதிலிட,

64அ² + 64உ² − 49அ² − 56(அ × உ) − 16உ²
= 15அ² − 56(அ × உ) + 48உ²
= (3அ − 4உ)(5அ − 12உ)

இவ்வளவு அழகாகக் காரணிப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே,

உண்மை − செய்யுள் = (3அ − 4உ)(5அ − 12உ) ÷ 8(8க + 7அ + 4உ)

அப்பாவின் கேள்விக்கு விடை இந்த ஒரே வரியில் இருக்கிறது. பகுதி எப்போதும் மிகை எண். எனவே தொகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

ஒன்று: 3அ = 4உ என்றாலோ, 5அ = 12உ என்றாலோ வேறுபாடு சுழி. முதலாவது 3, 4, 5 முக்கோணம். இரண்டாவது 5, 12, 13 முக்கோணம். இவ்விரு வடிவங்களுக்கு மட்டுமே செய்யுள் விதி மிகச் சரி. வேறு எதற்கும் அன்று.

இரண்டு: அ/உ என்னும் விகிதம் 4/3க்கும் 12/5க்கும் இடையில் இருந்தால், முதல் காரணி மிகை, இரண்டாவது குறை. செய்யுள் மதிப்பு உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

மூன்று: விகிதம் அந்த எல்லைகளுக்கு வெளியே இருந்தால் செய்யுள் மதிப்பு உண்மையைவிடக் குறைவாக வரும்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறையில் விகிதம் 1. அது 4/3க்குக் கீழே. தொகுதி (−12) × (−84) = 1008; பகுதி ஏறக்குறைய 2142. வேறுபாடு 0.47 அடி. டேப்பு காட்டிய அதே அரையடிதான்! டேப்பில் தவறில்லை, செய்யுளைத் தனக்குரிய எல்லைக்கு வெளியே இழுத்துச் சென்ற என்னிடம்தான் தவறு.

எவ்வளவு கூடும்?

எல்லைக்கு உள்ளே செய்யுள் மதிப்பு கூடும் என்றோம். அதிகபட்சம் எவ்வளவு? இதற்கு ஒரு முற்றொருமை உதவுகிறது.

(7அ + 4உ)² + (4அ − 7உ)² = 65(அ² + உ²)

விரித்துப் பார்த்தால் 56(அ × உ) என்னும் உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். இடப்பக்கத்தின் இரண்டாம் உறுப்பு ஒருபோதும் குறை எண்ணாகாது. ஆகவே (7அ + 4உ)² என்பது 65க²ஐத் தாண்டாது. வர்க்கமூலம் எடுத்து 8ஆல் வகுக்க,

செய்யுள் மதிப்பு ≤ (√65/8) × க

√65/8 = 1.0078. நூற்றுக்கு ஒன்றுகூட முழுதாகக் கூடுவதில்லை. அதிகபட்சப் பிழை நேர்வது 4அ = 7உ ஆகும்போது; அதாவது பக்கங்கள் 7 : 4 விகிதத்தில் இருக்கும்போது. மேலே கண்ட 14, 8 என்னும் எடுத்துக்காட்டு அதுவே. இந்த எல்லைக்குள் செய்யுள் உண்மையிலேயே வியக்கத்தக்க விதி. ஆணியும் கயிறும் மட்டும் கையில் உள்ள ஒருவர் மனத்திலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு அது.

7/8உம் 1/2உம் எங்கிருந்து வந்தன?

பக்கங்களை உயரத்தால் வகுத்து அ/உ = ம என்று வைத்தால், கர்ணத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம் √(ம² + 1) ஆகும். வரைபடத்தாளில் இதை வரைந்தால் மேல்நோக்கி வளையும் ஓர் அதிபரவளைவின் பகுதி கிடைக்கும். 3, 4, 5 முக்கோணம் அதன்மேல் (4/3, 5/3) என்னும் புள்ளி. 5, 12, 13 முக்கோணம் (12/5, 13/5) என்னும் புள்ளி. இவ்விரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள்.

சாய்வு = (13/5 − 5/3) ÷ (12/5 − 4/3) = (14/15) ÷ (16/15) = 7/8

வெட்டுத்துண்டு = 5/3 − (7/8 × 4/3) = 1/2

செய்யுளின் விதி இதோ! நன்கறிந்த இரண்டு முக்கோணங்களை இணைக்கும் நாணே அது. நாண் இரு புள்ளிகளுக்கு இடையே வளைவரைக்கு மேலேயும், வெளியே அதற்குக் கீழேயும் செல்லும். கூடுவதும் குறைவதும் ஏன் என்பது இப்போது படத்திலேயே விளங்குகிறது.

கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

நூற்றுக்கு முக்கால் பங்குப் பிழைதானே என்று சிலர் கேட்கலாம். பிழையின் அளவு மட்டுமன்று, அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் முக்கியம். ஏணி எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்கிடும்போது கொஞ்சம் கூடினால் கேடில்லை. குறைந்தால் ஏணி எட்டாது. பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி இதற்கு நேர் எதிரானது. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாதிருக்கவே குறைந்தபட்ச இடைவெளிகளை 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. அங்கே தூரத்தைக் கூட்டிக் கணக்கிட்டால், இல்லாத இடைவெளியை இருப்பதாக நம்பிவிடுவோம்.

எடுத்துக்காட்டாக, ஓர் அறையின் மூலையிலிருந்து அடுத்த அறையின் நெருங்கிய மூலை கிழக்கே 21 மீட்டரும் வடக்கே 12 மீட்டரும் தள்ளியிருப்பதாகக் கொள்வோம். (இவை விதிப்புத்தகத்து அளவுகள் அல்ல, கணக்குக்காக எடுத்தவை.) உண்மைத் தூரம் √585 = 3√65 = 24.19 மீட்டர். செய்யுள் தருவது 24.38 மீட்டர். பத்தொன்பது சென்டிமீட்டர் இல்லாத தூரம்!

இதைச் சரிசெய்யவும் வழி உண்டு. செய்யுள் மதிப்பை 8/√65 ஆல் பெருக்கினால் அது உண்மையை ஒருபோதும் தாண்டாது. பகுதியை விகிதமுறு ஆக்கினால் 8√65/65 = 0.992. ஆகவே செய்யுள் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டால் எந்த முக்கோணத்திற்கும் நாம் பாதுகாப்பான பக்கத்தில் இருப்போம்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதியில் மறந்தவர் இல்லை. என் அம்மாவும் அப்படிப்பட்ட ஆலை அறை ஒன்றில் அமர்ந்தே சரம் பின்னுகிறார். கணக்கில் வரும் ஒரு குறி, மிகையா குறையா என்பது, எங்களைப் போன்ற வீடுகளுக்கு வெறும் தேர்வு மதிப்பெண் அன்று.

நாமே ஒரு விதி செய்வோம்

செய்யுளின் இரகசியம் தெரிந்துவிட்டதால் வேண்டிய இடத்திற்கு வேண்டிய விதியை நாமே செய்துகொள்ளலாம். அப்பாவுக்கு வேண்டியது ஏறக்குறையச் சதுரமான அறைக்குரிய விதி. எனவே 3, 4, 5 முக்கோணத்தையும் 20, 21, 29 முக்கோணத்தையும் எடுத்துக்கொண்டேன். அவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு தரும் விதி:

கர்ணம் = (13அ + 11உ)/17

அடி 4, உயரம் 3 எனில் 85/17 = 5. அடி 21, உயரம் 20 எனில் 493/17 = 29. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு எனில் 288/17 = 16.94 அடி. உண்மைக்கும் இதற்கும் வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியதே.

நண்பர்களுக்கு இரண்டு பயிற்சிகள். 3, 4, 5 முக்கோணத்தையும் 8, 15, 17 முக்கோணத்தையும் இணைத்து வரும் விதி (11அ + 7உ)/13 என்று நிறுவுக. அடுத்து, 7² + 4² = 8² + 1; 13² + 11² = 17² + 1; 11² + 7² = 13² + 1 என்று மூன்றிலும் ஒன்றே மிகுகிறதே, எப்போதும் இப்படித்தானா? 5, 12, 13 முக்கோணத்தையும் 20, 21, 29 முக்கோணத்தையும் இணைத்துப் பார்த்து விடை காண்க.

என் புதிய விதியை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். பதிமூன்றும் பதினொன்றும் பதினேழும் வந்ததைக் கண்டு சிரித்தார்.

“கணக்கு நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா சித்தாள் கையில கயிறு இருக்கு. மூணு, நாலு, அஞ்சு போதும்.”

அவர் சொன்னதும் சரியே. அந்தக் கயிறு, மேலே நாம் கண்ட வளைவரையின்மேல் சிறிதும் பிழையின்றி நிற்கும் ஒரு புள்ளி. போதையனார் பெயரில் வழங்கும் விதியும் அந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்ட கோடே. செய்யுளைப் போற்றுவோம், அது செல்லும் எல்லையையும் அறிவோம். அடுத்த மன்றக் கூட்டத்தில் யாரேனும் அதைப் பாடினால் நான் மீண்டும் கைதட்டுவேன். ஆனால் இம்முறை, 4/3க்கும் 12/5க்கும் நடுவில் மட்டும்!